ஸ்பூனை இழுக்காமல் காத்திருங்கள்!



நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வசிக்கும் இல்லத்தரசி. வயது 36. பத்தாவது வரைதான் படித்தேன். மூத்தவள் ஒன்பதாம் வகுப்பு போகிறாள். சின்னவனுக்கு ஒன்பது வயது. அவனுக்கு மூளை முடக்குவாதம். டாக்டர்கள் 'செரிபிரல் பால்சி' என்பார்கள். இந்தப் பக்கத்தில் 'பிள்ளை சாப்பிட அடம் பிடிக்கிறான், என்ன செய்ய?' என்று யாராவது எழுதியிருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நாள் ஞாபகம் வந்துவிடும். எழுதலாமா, வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். என்னை மாதிரி இன்னொருத்தி அதே தப்பைச் செய்யக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அப்போது அவனுக்கு ஆறு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வீட்டில் விருந்தாளிகள். அடுப்பில் ஒரு பக்கம் மீன் குழம்பு, இன்னொரு பக்கம் சாதம். நடுவில் இவனை மடியில் போட்டுக்கொண்டு ரசம் சாதம் ஊட்டினேன். மூன்றாவது வாயிலேயே எவர்சில்வர் ஸ்பூனைக் 'கடக்'கென்று கடித்துக்கொண்டான். விடவே இல்லை. "விடுடா கண்ணா, விடுடா" என்றேன். விடவில்லை. அவசரம் வேறு. வெடுக்கென்று இழுத்தேன். முன்பல் ஓரம் உடைந்து உதட்டில் ரத்தம். அப்போதும் அவன் வாய் திறக்கவில்லை. ஆத்திரத்தில் கன்னத்தில் ஓர் அறை விட்டேன்.

அவனுக்குப் பேச வராது. கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாய் மட்டும் ஸ்பூனை இறுக்கிப் பிடித்தபடியே இருக்கிறது. என் மாமியார் ஓடி வந்து, "பாவி, வாயில்லாப் புள்ளய ஏண்டி அடிக்கிற?" என்று அவனைத் தூக்கிக்கொண்டார். நான் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

இவன் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். பிறக்கும்போது எடை ஒரு கிலோ நானூறு. கண்ணாடிப் பெட்டியில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். ஒரு வயதாகியும் உட்காரவில்லை. கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். "கிரகணத்தன்னிக்கி வெளிய வந்திருப்ப" என்று சொந்தக்காரர்கள் என் காது படவே பேசினார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். குறைமாதப் பிறப்பு, கஷ்டமான பிரசவம், பிறந்ததும் மூச்சு திணறுவது, இவற்றுக்கும் இந்த நோய்க்கும் உள்ள சம்பந்தத்தை இங்கிலாந்து டாக்டர் வில்லியம் லிட்டில் என்பவர் 1861-லேயே எழுதிவிட்டார். வளரும் மூளையில் ஏற்படும் பாதிப்பு இது. அதற்கும் கிரகணத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

கை, காலுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்குத் தூக்கிக்கொண்டு போவேன். ஆனால் தாடையும் ஒரு தசைதானே, காலைப் போலவே அதுவும் இறுகும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. நான் காட்டிய ஒரு டாக்டரிடம், "சாப்பாடு ஊட்டினா கடிக்கிறான் சார்" என்றதற்கு, "இந்தப் பிள்ளைங்க அப்படித்தாம்மா இருப்பாங்க" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

அறைந்த அந்த வாரமே, பயிற்சி கொடுக்கும் அம்மாவிடம் வெட்கத்தை விட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "உங்க கடைவாய்ப் பல்லை இறுக்கிக் கடிச்சுக்கிட்டு, காதுக்குக் கீழ, கன்னத்துல கை வச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். கல்லு மாதிரி ஒரு உருண்டை. "இதுதான் கடிக்கிற தசை. நாம நினைச்சா இறுக்குறோம், நினைச்சா விடுறோம். உங்க பையனுக்கு விடுன்னு மூளை அனுப்புற சேதி சரியாப் போய்ச் சேரலை. அவன் கடிக்கலைம்மா, அவன் தாடை கடிக்குது" என்றார்.

சகோதரிகளே, அன்று வீட்டுக்கு வந்து அவன் கன்னத்தைத் தடவிக் கொடுத்தேன். நான் அறைந்த அதே கன்னத்தில் அந்த உருண்டை இருந்தது.

அவர் சொல்லிக் கொடுத்ததை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். கைக்குழந்தையின் ஈறில் விரல் வைத்தால் 'லபக் லபக்'கென்று கடிக்குமே, அது எல்லாக் குழந்தைக்கும் உண்டு. ஒரு வயது ஆவதற்குள் அது தானாகப் போய், மெல்லப் பழகிவிடும். மூளை பாதித்த சில பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் போகாமல் தங்கிவிடுகிறது. அதோடு தசை இறுக்கமும் சேர்ந்துகொண்டால், பல்லில் ஏதாவது பட்டதும் வாய் பூட்டுப் போட்ட மாதிரி மூடிக்கொள்ளும். இன்னொரு சங்கதியும் உண்டு. இறுகிய தசையை எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ, அவ்வளவு பலமாக அது எதிர்த்து இறுகும். மெதுவாகப் போனால்தான் விட்டுக்கொடுக்கும். அதாவது நான் வெடுக்கென்று இழுத்ததே அவன் வாயை இன்னும் பூட்டியிருக்கிறது!

அதனால் ஸ்பூனைக் கடித்துக்கொண்டால் இழுக்கவே கூடாது. கையை அசைக்காமல் அப்படியே இருக்க வேண்டும். சத்தம் போடக் கூடாது. பின்னால் போன தலையை மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்து, கன்னத்துத் தசையை வட்டமாகத் தேய்த்துக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் இறுக்கம் தளரும். முதல் நாள் நான் காத்திருந்தபோது ஒரு யுகம் மாதிரி இருந்தது. பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன், ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை. ஒருபோதும் உங்கள் விரலைப் பல்லுக்கு நடுவே விட்டுத் திறக்கப் பார்க்காதீர்கள். என் வீட்டுக்காரர் அப்படிச் செய்துவிட்டு ஒரு வாரம் விரலில் கட்டோடு வண்டி ஓட்டினார்.

உட்கார வைக்கும் விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. நான் மடியில் மல்லாக்கப் போட்டு ஊட்டியது பெரிய தப்பு. தலை அண்ணாந்து போனால் உடம்பு முழுக்க விறைக்கும், தாடையும் விறைக்கும். சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கவும் வழியாகிவிடும். இவனுக்கு அடிக்கடி சளி, காய்ச்சல், இரண்டு தடவை நிமோனியா என்று படுக்க வைத்ததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்றார்கள். பனிக்காற்று என்று நினைத்து நான் மஃப்ளர் கட்டிக்கொண்டிருந்தேன்!

பக்கத்து வீதி ஆசாரியிடம் சொல்லி ஒரு சின்ன நாற்காலி செய்தோம். இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றும் நேராக மடங்கி, பாதம் பலகையில் பதிகிற மாதிரி அளவு எடுத்து, இடுப்புக்கு ஒரு பட்டை, முன்னால் ஒரு தட்டுப்பலகை வைத்தார். இப்போது எதிரே தாழ்வாக உட்கார்ந்து, அவன் கண்ணுக்கு நேராக என் முகம் இருக்கும்படி ஊட்டுகிறேன். மேலேயிருந்து ஸ்பூனைக் கொண்டுவந்தால் தலையை அண்ணாந்து பார்ப்பான். அதனால் கீழேயிருந்து, நேராக. இடது கைக் கட்டைவிரலைக் கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் நடுவிலும், ஆள்காட்டி விரலைத் தாடை ஓரத்திலும், நடுவிரலை முகவாய்க்கு அடியிலும் கொடுத்து லேசாகத் தாங்கிக்கொள்வேன். அழுத்தக் கூடாது, தாங்க வேண்டும், அவ்வளவே. இதைப் பயிற்சியாளர் முன்னால் இரண்டு மூன்று முறை செய்து காட்டிப் பழகிக்கொள்வது நல்லது. எழுத்தில் படித்துவிட்டு உடனே செய்ய வேண்டாம்.

ஸ்பூன் கதையைக் கேளுங்கள். எவர்சில்வர் ஸ்பூன் பல்லில் பட்டால் சில்லென்றும் 'டங்'கென்றும் இருக்கும், அதுவே கடிக்கத் தூண்டும். மெல்லிய பிளாஸ்டிக் ஸ்பூனோ உடைந்து தொண்டைக்குள் போகும். ரப்பர் மாதிரி மெத்தென்ற சிலிக்கான் ஸ்பூன்தான் சரி என்றார்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது பிரான்சில் இருப்பார்களே! என் நாத்தனார் பாரிஸ் பக்கம் இருக்கிறார். அவரிடம் சொன்னதும், ஊருக்கு வந்தவர்கள் கையில் நான்கு ஸ்பூன் கொடுத்து அனுப்பினார். மாமியார் அக்கம்பக்கமெல்லாம் "பிரான்ஸ்ல இருந்து ஸ்பூனு" என்று காட்டிவிட்டு வந்தார். இரண்டு மாதம் கழித்து நேரு வீதியில் கைக்குழந்தை சாமான் கடையில் அதே மாதிரி மெத்து ஸ்பூன் தொங்கியது. சிரித்துக்கொண்டேன். குழி ஆழமில்லாத ஸ்பூனாகப் பார்த்து வாங்குங்கள். பாதி அளவு எடுத்தால் போதும். நாக்கின் நடுவில் தட்டையாக வைத்து லேசாகக் கீழே அழுத்தினால், மேலுதடு தானே இறங்கி வந்து சாப்பாட்டை எடுத்துக்கொள்ளும். மேல்பல்லில் தேய்த்து வழிக்கக் கூடாது.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். தண்ணீர், காபி போன்றவை சட்டென்று ஓடிப்போய்ப் புரையேறும். ரசம் சாதத்தில் தண்ணியும் பருக்கையும் தனித்தனியாக நிற்பதால் அது இன்னும் கஷ்டம். நான் கேழ்வரகுக் கூழைக் கொஞ்சம் கெட்டியாக, இட்லியைச் சாம்பாரில் நன்றாக மசித்து, பருப்பு சாதத்தை நெய் விட்டுக் குழைத்துத் தருகிறேன். சாப்பிடும்போது இருமல், கண்ணில் நீர், சாப்பிட்ட பிறகு குரல் கரகரவென்று நனைந்த மாதிரி கேட்பது, இதெல்லாம் இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஒரு வேளைச் சாப்பாடு வழக்கமாக அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தாலும் சொல்ல வேண்டும். எடை ஏறாத சில பிள்ளைகளுக்கு வயிற்றில் குழாய் வைத்து உணவு கொடுப்பார்கள். அப்படி வைக்கச் சொன்னால் 'நான் ஒழுங்கா ஊட்டல' என்று எந்தத் தாயும் நினைக்க வேண்டாம்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. எடையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. எட்டாவது வயதில் திடீரென்று பழையபடி ஆகிவிட்டது. ஸ்பூனைக் கண்டாலே வாய் பூட்டிக்கொள்ளும். ராத்திரி முழுக்கப் பல்லை நறநறவென்று கடிப்பான். கையும் காலும் முன்னைவிட விறைத்தன. மூன்றே மாதத்தில் இரண்டு கிலோ இறங்கிவிட்டான்.

இறுக்கம் கூடிவிட்டது என்று பேக்லோஃபென் மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து இது. கொஞ்சமாக ஆரம்பித்து மெல்லக் கூட்டுவார்கள். இதைத் தீர்ந்துபோச்சே என்று திடீரென நிறுத்திவிடவே கூடாது, இறுக்கம் அதிகமாகி வலிப்புகூட வரலாம். எங்கள் பிள்ளைக்கு அளவைக் கூட்டியதும் பகலெல்லாம் தூங்கி வழிந்தான், எச்சிலும் வழிந்தது. வாய் மட்டும் திறந்தபாடில்லை.

அப்போது வேறொரு பெரிய டாக்டர் அம்மா, மாத்திரைச் சீட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "இவனுக்குக் கடைசியா எப்பம்மா பல்லு பார்த்தீங்க?"

நான் முழித்தேன். பல்லா? வாயே திறக்காத பிள்ளைக்குப் பல் தேய்ப்பதே எங்கே? முன்னால் இரண்டு இழுப்பு, அவ்வளவுதான். வலி எங்கே இருந்தாலும், பல்லோ காதோ மலச்சிக்கலோ, வயிற்றுப் புளிப்பு மேலே எதுக்களிப்பதோ, இந்தப் பிள்ளைகளுக்கு அது இறுக்கமாகத்தான் வெளியே தெரியும் என்றார் அவர். மாமியார் நம்பவே இல்லை. "வலிச்சா அழ மாட்டானா?" என்றார். அழத் தெரிந்த பிள்ளையா அவன்? எதற்கெல்லாமோ அழுகிறான், எதற்கென்று யாருக்குத் தெரியும்?

பல் ஆஸ்பத்திரியில் முழு மயக்கம் கொடுத்துத்தான் வாயைத் திறந்து பார்க்க முடிந்தது. கீழே வலது கடைவாய்ப் பல் சொத்தையாகி வேர் வரை சீழ். இன்னும் இரண்டு பல்லில் ஓட்டை. ஒன்றைப் பிடுங்கி, மற்றதை அடைத்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று மாதம். மூன்று மாதமாக அந்தப் பல் வலியோடுதான் என் பிள்ளை என் கையால் சாப்பிட்டிருக்கிறான்.

பத்தாவது நாள் வாய் திறந்தான். முழுசாக இல்லை, அந்தப் பழைய அளவுக்கு. மாத்திரை அளவையும் டாக்டரே படிப்படியாகக் குறைத்துவிட்டார்.

சொத்தைக்குக் காரணம் நாங்களேதான். இனிப்பு சிரப் மருந்து, பாலில் ஊறிய பிஸ்கட், வாழைப்பழம்... இவையெல்லாம் கன்னத்து ஓரத்தில் ஒதுங்கித் தங்கிவிடும். நாக்கால் துழாவி எடுக்க அவனுக்கு வராது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் மருந்தால் சில பிள்ளைகளுக்கு ஈறு வீங்கிப் பல்லை மூடும் என்றும் அங்கே தெரிந்துகொண்டேன். இப்போது எதைக் கொடுத்தாலும் ஈரத்துணியால் கன்னத்து ஓரத்தைத் துடைத்துவிடுகிறேன். ராத்திரி பல் தேய்க்கும்போது, பல்லுக்கு வெளிப்பக்கமாகக் கன்னத்தை ஒட்டியே விரலை நகர்த்திக் கடைசிப் பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறில் மெல்ல அழுத்தினால் வாய் திறக்கும் என்று காட்டித் தந்தார்கள். ஐஸ் குச்சிகளை அடுக்கி மருந்துத் துணி சுற்றி ஒரு பக்கம் கடிக்கக் கொடுத்துவிட்டு மறுபக்கம் தேய்க்கலாம். ஃப்ளோரைடு பேஸ்ட், பட்டாணி அளவு போதும். துப்பத் தெரியாததால் துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

ஊசி பற்றியும் கேட்பீர்கள். பிசியோதெரபி வரிசையில் என்னோடு உட்காரும் வில்லியனூர் பெண் ஒருத்தி. அவள் மகளுக்கு எந்த வலியும் இல்லை, ஆனால் தாடை கொஞ்சமும் தளரவில்லை, உள்கன்னத்தைக் கடித்துக் கடித்துப் புண். அவளுக்குத் தாடைத் தசையில் போட்டுலினம் ஊசி போட்டார்கள். சினிமா நட்சத்திரங்கள் முகச் சுருக்கத்துக்குப் போட்டுக்கொள்வார்கள் என்று படிக்கிறோமே, அதே போடாக்ஸ்தான்! கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு கிருமியின் விஷம் அது. மிகமிகச் சின்ன அளவில் தசையில் போட்டால் அந்தத் தசை தளரும். 1989-ல் அமெரிக்காவில் இதை முதலில் அனுமதித்தது மாறுகண்ணுக்கும், கண் இமை இறுகி மூடிக்கொள்ளும் நோய்க்கும்தான். அழகுக்கு வந்ததெல்லாம் பிற்பாடு. ஊசி போட்ட ஒன்றிரண்டு வாரத்தில் பலன் தெரிந்து, மூன்று நான்கு மாதம் நிற்கும். பிறகு மறுபடி இறுகும். தளர்ந்திருக்கும் அந்த மாதங்களில் வாய்ப் பயிற்சியும் பல் சுத்தமும் பழக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் போட்டும் வீண். மருந்து பக்கத்தில் பரவினால் விழுங்கும் தசையும் தளர்ந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் ஏற்கெனவே புரையேறும் பிள்ளைக்கு ரொம்ப யோசித்துத்தான் போடுவார்கள். அந்தக் குழந்தைக்குக் கன்னத்துப் புண் ஆறிவிட்டது. எங்களுக்கு 'இப்ப வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள்.

புதுச்சேரியில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கோரிமேட்டில் ஜிப்மரில் உடல் இயக்க மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறது. அதே கோரிமேட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. கை கால் வைத்தியத்துக்கு வரும்போதே பல்லையும் காட்டிவிடலாம். சத்யா சிறப்புப் பள்ளியும் நம் ஊரில்தான் இருக்கிறது. சென்னைப் பக்கம் போக முடிந்தவர்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது, கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் சொல்லியிருக்கும் 21 வகைகளில் இதுவும் ஒன்று. அடையாள அட்டையைத் தள்ளிப்போடாமல் வாங்குங்கள். 'நிராமயா' என்ற மத்திய அரசுக் காப்பீட்டில் இந்தப் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை வைத்தியச் செலவுக்கு வழி இருக்கிறது. இவன் பிறந்து ஐந்து வருஷம் கழித்துத்தான் இது எனக்குத் தெரிந்தது.

போன பொங்கலுக்கு மாமியாரே அவனுக்கு ஊட்டினார். குழைய வைத்த வெண்பொங்கல். நடுவில் ஸ்பூனைக் கடித்துக்கொண்டான். மூத்தவள் ஓடி வந்தாள். மாமியார் அவளைக் கையமர்த்திவிட்டு, அசையாமல் உட்கார்ந்து, ஏதோ பழைய தாலாட்டை முணுமுணுத்துக்கொண்டே கன்னத்தைத் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் விட்டான். விட்டதும் சிரித்தான். உடைந்த முன்பல் தெரிந்தது. அது நிரந்தரப் பல்லா, விழுந்து முளைக்கிற பால் பல்லா என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. நல்லவேளை, பால் பல்தான். ஆடிக்கொண்டிருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் சரியாகவில்லை. தூக்கத்தில் பல் நறநறப்பது முன்னைவிடக் குறைந்திருந்தாலும் நிற்கவில்லை. பல், காது, வயிறு எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்படிப்பட்ட பிள்ளையை வளர்க்கும் சகோதரிகள் யாராவது இதற்கு டாக்டர் சொல்லி ஏதாவது செய்து பலன் கண்டிருந்தால், இந்தப் பகுதிக்கே எழுதுங்கள். நான் தவறாமல் படிக்கிறேன்.

— ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.